அத்தை கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது

அத்தியாயம் பதினொன்று

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே மெலியாமேவுக்கு முகம் கோணிக்கொள்ளும். தேவாலயத்தில் யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிப் படிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள். நாலு பேர் காதில் விழும்படி கொடுக்காவிட்டால் கொடுத்ததாகவே அர்த்தமில்லை என்பது அவள் கொள்கை. அப்படிப்பட்டவளிடம் போய், ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டணமே வாங்காமல் இன்ஜினீயரிங் சொல்லித் தருகிறது என்றால் என்ன ஆகும்? போன வாரம் அதைத்தான் பார்த்தோம். "சும்மா குடுக்கற படிப்பு யாருக்கு வேணும்? நம்ம குடும்பம் என்ன பிச்சைக்காரக் குடும்பமா?" என்று தம்பி வீட்டு வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் எழுந்து குரைத்தன.

மெலியாமேவிடம் வேறு திட்டம் இருந்தது. ஆக்லாந்தில் அவள் மகன் வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறார்கள். தம்பி மகள் லோசலின் அங்கே போய் முதியோர் பராமரிப்பு என்று ஏதோ ஒரு வகுப்பில் சேர வேண்டியது. மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கட்டணத்தை அத்தை கட்டுவாள், கட்டியதை ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பாள். ஆயா வேலைக்கு அவள் வைத்திருந்த பெயர் படிப்பு.

லோசலினுக்கு வேண்டியது வேறு. அவர்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கிற கடற்கரைச் சாலையைக் கடல் வருடா வருடம் தின்றுகொண்டிருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்று படிக்க வேண்டும் அவளுக்கு. முதலில் யாருக்கும் தெரியாமல் ஜெர்மன் மொழி கற்றாள். பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோய், எல்லோரும் சிரிக்கச் சிரிக்கக் கற்றாள். "தொண்டையில மீன் முள்ளு சிக்கினா மாதிரி என்னடி பேச்சு இது?" என்று கேட்டவன் தாய்மாமன் ஃபெலெட்டி. அதையே குடும்பம் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சிரித்தது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். இனி இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை, அங்கே காலை, இங்கே இரவு எட்டு மணி. கேமராவோடு கணினி வேண்டும், போனில் வந்தால் ஏற்க மாட்டோம், வேறு தேதி தர மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் லோசலினுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது.

*

எங்கள் தீவில் இருபத்தொன்று என்றால் சும்மா இல்லை. லோசலினின் அப்பா பெனி விடியலிலேயே குழி தோண்டி, கறி வேகக் கல்லைச் சூடேற்றிவிட்டான். பன்றிக்குட்டிகள், வள்ளிக்கிழங்கு, சேம்பிலையில் தேங்காய்ப்பாலோடு மடித்த ஆட்டுக்கறி என்று நீள மேஜை நிறைந்தது. மதியத்துக்குள் உறவு முழுவதும் விசேஷத்துக்கு உடுத்துகிற பின்னல் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

நடு நாயகமாக மெலியாமே. அப்பாவின் அக்கா என்றால் அந்த வீட்டில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. கேக்கின் மேல்தட்டு அவளுக்கு. சீராக வந்ததில் நல்ல பாய் அவளுக்கு. பிறந்தநாள் யாருக்கு என்று வெளியூர்க்காரன் யாராவது வந்து கேட்டிருந்தால், விரல் அவளைத்தான் காட்டியிருக்கும்.

போதகர் ஜெபம் முடித்து ஆமென் சொன்னதும் மெலியாமே விசிறியை மடித்தாள்.

"பெனி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பன்னிக்குட்டிதான் கொஞ்சம் இளைச்சிருக்கு. சரி போகட்டும். எனக்கு இந்தப் பாயெல்லாம் வேண்டாம்."

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. அத்தை பாயை வேண்டாம் என்கிறாளா?

"என் மருமக கையில ஒரு லேப்டாப் இருக்கே, அது குடு. ஆக்லாந்துல பேரப்பிள்ளைங்க கார்ட்டூன் பாக்க ஆசைப்படுதுங்க."

லோசலின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அத்தைக்கு இன்டர்வியூ இன்றைக்கு என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். லோசலின் அப்பாவைப் பார்த்தாள். பெனி தன் கால் பெருவிரலைப் பார்த்தான். ஆறடி உயரம், ஆழ்கடலில் வலையை ஒற்றை ஆளாக இழுக்கிற தோள், அக்கா முன்னால் மட்டும் அந்தப் பெருவிரலை விட்டால் பார்ப்பதற்கு அவனுக்கு வேறு இடம் தெரியாது.

"அக்கா... அது வந்து... இன்னிக்கு மட்டும் புள்ளைக்கு ஏதோ..."

"ஏதோ? என்னடா ஏதோ? இத்தனை பேர் முன்னால அக்கா வாய் விட்டுக் கேட்டிருக்கேன், நீ ஏதோங்கற?" மெலியாமே கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "வடக்க வாவாவுத் தீவுல எங்க அத்தை இன்னும் உசுரோட இருக்காங்க. நான் எங்க அத்தைக்கு எப்படின்னு ஊருக்கே தெரியும். அவங்க கேட்டா இந்தத் தங்கப் பல்லைக்கூடப் பிடுங்கிக் கையில குடுப்பேன். ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன். அதான் வளர்ப்பு!"

உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினாள். வெயிலில் அது நன்றாகவே மின்னியது.

கூட்டம் தலையை ஆட்டியது. ஒருவராவது வாயைத் திறந்து, பாவம் அந்தப் பெண்ணின் படிப்பு என்று சொன்னார்களா? வாய் முழுக்கப் பன்றிக்கறி, நியாயம் எந்த வழியாக வெளியே வரும்? போதகர் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார். அவரும் வள்ளிக்கிழங்கு எடுக்கத்தான் நிறுத்தியிருக்கிறார்.

பெனி உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்தான். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான். மூன்று வருடம் வெனிலா கொடிகளில் மகரந்தம் தடவி லோசலின் சம்பாதித்த பொருள் அது. அத்தை அதை ஒரு தரம்கூடத் திறந்து பார்க்காமல் மடியில் வைத்து, அதன் மேல் தன் தட்டை வைத்துக்கொண்டாள்.

*

பின்கட்டில் லெசியெலி சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். லோசலினின் அம்மா. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டு விசேஷங்களில் அவள் இடம் அதுதான்.

"அம்மா, நீ ஒரு வார்த்தை பேசல."

"நான் பேசக் கூடாது. இந்த வீட்டுக்கு நான் வந்தவ."

"அப்ப நான்? நான் இங்கயே பொறந்தவதானே! எனக்கும் வாய் கிடையாதா? எல்லாருக்கும் கறி வேணும், கேக் வேணும். நான் போனா என்ன, இருந்தா என்ன? அந்தப் பொம்பளைக்கு என் லேப்டாப் சாப்பாட்டுத் தட்டு வைக்கற பலகை!" லோசலினுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரத்தில் காது சுட்டது. "ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா பூட்டியாச்சு. சர்ச்சுல கேட்டா அத்தைக்கிட்ட கேளுங்கறாங்க. எட்டு மணிக்கு ஜெர்மனிக்காரங்க கூப்பிடுவாங்க, நான் இருக்க மாட்டேன். அவ்வளவுதான். ஆக்லாந்துல போய் மூக்குச் சளி துடைக்க வேண்டியதுதான்."

லெசியெலி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"உங்க மாமா ஆபீசுல கம்ப்யூட்டர் இருக்கு. ரெண்டு திரை வெச்சது."

"ஃபெலெட்டி மாமாவா? அவர் சிரிப்பாரும்மா! மீன் முள்ளுன்னு சொன்னதே அவர்தான்."

"சிரிக்கட்டும். உங்க அப்பா வீட்டுல உங்க அத்தை எப்படியோ, எங்க அண்ணன் வீட்டுல நீ அப்படி. தங்கச்சி பொண்ணு கேட்டா அவன் இல்லேங்கக் கூடாது. உனக்கு அது ஞாபகமே இல்ல. இத்தனை வருஷத்துல அங்க போய் நீ ஒரு வாழைப்பழம்கூட எடுத்ததில்ல." லெசியெலி மகளின் இடுப்புப் பாயை இழுத்துக் கட்டினாள். "இன்னிக்கு எடு."

*

ஃபெலெட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம். துறைமுகத்தை ஒட்டி சரக்கு ஏஜென்சி வைத்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர்கள் அனுப்புகிற டிரம்களும் பெட்டிகளும் அவன் வழியாகத்தான் ஊருக்குள் வரும். வாலிபத்தில் பக்கத்து நாட்டுச் சுவா நகரத்துக்குப் படிக்கப் போனான். ஒரே வருடத்தில் திரும்பி வந்தான். ஏன் வந்தான் என்பதைத் தவிர அந்த ஒரு வருடத்தைப் பற்றி எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறான்.

அம்மாவும் மகளும் போனபோது அவன் இரண்டு திரையையும் விரித்து வைத்து, ஒன்றில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். மற்றது காலியாக இருந்தது. டிரம் வாங்க வந்த இரண்டு பெண்கள் சுவரோரம் காத்திருந்தார்கள். அண்ணன் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் தங்கை போவது வழக்கமில்லை என்பதால் லெசியெலி முன்கூடத்திலேயே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க ஜெர்மன் மகாராணி! பிறந்தநாள் கேக் எங்க?"

"மாமா, எழுந்திருங்க."

"என்னது?"

"நாற்காலி வேணும். கம்ப்யூட்டர் வேணும். இந்த அறையும் வேணும். எட்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ."

ஃபெலெட்டி சிரித்தான். தொப்பை குலுங்கச் சிரித்தான். "அடியே, காசு வாங்காம படிப்பு சொல்லித் தர்றான்னா அவன் ஏதோ விக்க முடியாத சரக்கைத் தள்ளி விடறான்னு அர்த்தம். நான் சுவாவுல படிச்சவன், எனக்குத் தெரியாதா? அதுவும் இங்கிலீஷ் தெரியாத ஊர்ல! போ போ. எனக்கு ஆக்லாந்து கப்பல் கணக்கு இருக்கு."

"கப்பல் செவ்வாய்க்கிழமைதான் வரும். ஊருக்கே தெரியும். சீட்டை எடுத்து வைங்க மாமா."

சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். "தங்கச்சி மக நின்னு கேக்குது. இன்னும் உக்காந்திருக்காரே!" என்று மற்றவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவள் முயற்சி எதுவும் செய்யவில்லை.

ஃபெலெட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த இரண்டு பெண்களும் வெளியே போனால் விடிவதற்குள் தலைநகர் முழுவதும் செய்தி போய்விடும். அவன் எழுந்தான். எழுந்தபோது நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டது.

"தலையெழுத்து," என்றான். "உக்காரு. எதையும் உடைச்சிடாதே."

"ஃபேனைப் போட்டுட்டுப் போங்க மாமா."

போட்டான்.

*

எட்டு மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. இரண்டு ஆண்கள், ஒரு பெண். காலைச் சூரியன் அவர்கள் ஜன்னலில் இருந்தது. லோசலின் பேச ஆரம்பித்தாள்.

கதவுக்கு வெளியே ஃபெலெட்டி காதை வைத்துக் கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அங்கே கேள்வி வருகிறது, இங்கே பதில் போகிறது, நடுவில் தயக்கம் இல்லை என்பது மட்டும் புரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. தங்கை பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான்.

"முள்ளுதான்," என்று முணுமுணுத்தான். "ஆனா பெரிய மீனு முள்ளு."

அந்த நேரத்தில்தான் பெனியின் வண்டி வந்து நின்றது. முதலில் விசிறி இறங்கியது, பிறகு மெலியாமே இறங்கினாள். கக்கத்தில் லேப்டாப். பின்னால் பெனி, தரையைப் பார்த்தபடி.

"எங்க அவ? இது தொறக்க மாட்டேங்குது. ஏதோ பூட்டுப் போட்டு வெச்சிருக்கா. கூப்பிடுங்க."

ஃபெலெட்டிக்கு இந்தச் சம்பந்தி வீட்டு மகாராணியை என்றைக்குமே ஆகாது. லெசியெலியின் கல்யாணத்தில் அவன் கொண்டுபோன பாய்களை அவள் விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போடச் சொன்னவள். இத்தனை வருடம் அவன் அதற்குப் பதில் கொடுக்க ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தான். சந்தர்ப்பம் தானே வண்டி ஏறி வந்திருக்கிறது.

"பிடுங்கத் தெரிஞ்ச உங்களுக்குத் தொறக்கத் தெரியலையா சம்பந்தியம்மா?"

"வழியை விடு. என் தம்பி பொண்ணு உள்ள இருக்கா."

"உங்க தம்பி பொண்ணு உங்க தம்பி வீட்டுல. இங்க அவ என் தங்கச்சி பொண்ணு. இந்த ஆபீசுல இன்னிக்கு அவ சொல்றதுதான் சட்டம், என்னையே எழுப்பி வெளிய விட்டுட்டா. நீங்க எம்மாத்திரம்?" ஃபெலெட்டி கதவை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான். அதற்கு அவன் அதிகம் சிரமப்படத் தேவையிருக்கவில்லை. "அந்தப் பெஞ்சுல உக்காருங்க. டிரம் வாங்க வர்றவங்க எல்லாரும் அங்கதான் உக்காருவாங்க."

பெனி மூச்சை இழுத்துப் பிடித்தான். அக்காவிடம் யாரும் இப்படிப் பேசி அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை. வானம் இடிந்து விழும் என்று மேலே பார்த்தான். ஒன்றும் விழவில்லை.

மெலியாமே பெஞ்சில் உட்கார்ந்தாள். விசிறிக்கொண்டாள். அவள் அவ்வளவு எளிதாக உட்கார்ந்ததை ஃபெலெட்டி வெற்றி என்று நினைத்தான். சுவாவிலிருந்து ஒரே வருடத்தில் திரும்பி வந்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

உள்ளே கடைசிக் கேள்வியை அந்தப் பெண் பேராசிரியர் கேட்டாள். உங்கள் ஊரில் எங்கே சுவர் கட்டுவீர்கள்? லோசலின் மேற்குச் சாலையைப் பற்றிச் சொன்னாள். ஏற்கெனவே ஒரு சுவர் கட்டினார்கள், அதன் அந்தப் பக்கத்து மணலெல்லாம் போய்விட்டது, அதனால் முதலில் கட்டாமல் ஒரு வருடம் அளந்து பார்ப்பேன் என்றாள். மூன்று முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இடம் உங்களுக்கு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் வரும், விசாவுக்கு நாள் ஆகும், இந்த மாதத்துக்குள் பாஸ்போர்ட்டை நியூஸிலாந்தில் இருக்கிற எங்கள் தூதரகத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றாள் அந்தப் பெண்.

லோசலின் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "அம்மா! எடுத்துக்கிட்டாங்க! எடுத்துக்கிட்டாங்கம்மா!" லெசியெலி டிரம்மிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஃபெலெட்டி, அவனே சொல்லிக் கொடுத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

பெஞ்சிலிருந்து மெலியாமே கேட்டாள்.

"எதுல போவ?"

லோசலின் திரும்பினாள்.

"பிளேன்ல ஏறணும்னா பாஸ்போர்ட் கேப்பாங்களே. அது என் வீட்டுல, என் பைபிளுக்குள்ள பத்திரமா இருக்கு. சாயங்காலம் உங்க அப்பனே கொண்டு வந்து குடுத்தான். ஆக்லாந்துக்கு டிக்கெட் போடணும்ல?"

லோசலின் அப்பாவிடம் நடந்து போனாள்.

"நீங்களா குடுத்தீங்க?"

"அக்கா கேட்டா..." பெனி சட்டைப் பொத்தானைத் திருகினான். "எப்படிம்மா இல்லேங்கறது?"

"நாளைக்கு என் கையைக் கேட்டா வெட்டிக் குடுப்பீங்களா? வேண்டாம், அதான் என்னையே முழுசா குடுத்துட்டீங்களே! அப்பான்னு கூப்பிடவே கூச்சமா இருக்கு எனக்கு. கடல்ல அலைக்குப் பயப்பட மாட்டாராம்! ஒரு விசிறிக்குப் பயப்படற ஆளு!"

பெனி பெருவிரலைப் பார்த்தான். ஆனால் இந்தத் தடவை அங்கே பார்வை நிற்கவில்லை.

அப்போது லெசியெலி முன்னால் வந்தாள். நாத்தனார் முன்னால் குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்தாள். அதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

"அண்ணி, மத்தியானம் ஒரு வார்த்தை சொன்னீங்க. நான் சட்டி தேய்ச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். உங்க அத்தை கேட்டா தங்கப் பல்லையும் பிடுங்கிக் குடுப்பேன்னு. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்னு."

விசிறி நின்றது.

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. போதகரும் கேட்டாரு, உறவு முழுக்கக் கேட்டுச்சு. நாளைக்கு வாவாவு கப்பல் இருக்கு. உங்க அத்தைக்குக் காது சரியில்ல, போன் எடுக்க மாட்டாங்க. நேர்ல போய்ப் பாயை முன்னால வெச்சுத்தான் பேசணும். அதான் என் கல்யாணப் பாயை எடுத்து மடிச்சு வைக்கப் போறேன். எங்க அண்ணன் கொண்டாந்த பாயி, நீங்க ஓரமா போடச் சொன்னீங்களே, அது." லெசியெலி புன்னகை செய்தாள். "பயப்படாதீங்க அண்ணி. உங்க அத்தையைப் பல்லெல்லாம் கேக்கச் சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் மட்டும்தான்."

ஃபெலெட்டி சிரிக்கப் போனான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தான்.

மெலியாமே விசிறியால் வாயை மறைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் பல் தெரியுமே. கடைசியில் உதட்டை அதிகம் பிரிக்காமல் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பெனி, வண்டியை எடு. துறைமுகத்துல கப்பல் ஆபீஸ்காரன் இன்னும் இருப்பான். வாவாவுக்கு எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கணும். இவளுக்கு முன்னாடி அத்தைகிட்ட நான் பேசணும்."

பெனி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பெண்டாட்டி. மகள் மட்டும் அவனைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

"காது கேக்கலையாடா? வண்டியை எடு!"

அக்கா இரண்டாவது தடவை சொல்லியும் பெனி அசையாமல் நின்றான்.